எண்ணங்களைப் பழக்குவது எப்படி: விசுவாசத்தில் புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு

"நல்லதையே நினை" என்று எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். எப்படி நினைப்பது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் கேட்கிறோம், ஆமென் சொல்கிறோம். திங்கட்கிழமை காலை இங்கே மலேசியாவில் பினாங்குப் பாலத்தில் ஜாம் பிடித்ததும் பழைய எண்ணங்கள் வரிசையாக வந்துவிடுகின்றன. ஒரு பேனா, ஒரு சின்ன நோட்டு, தமிழ் வேதாகமம், தினம் கால் மணி நேரம் இருந்தால் இந்தப் பயிற்சியை இன்றே தொடங்கலாம்.

அதற்கு முன் ஒன்று. எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்று பிலிப்பியர் 4:8-ல் பவுல் ஒரு பட்டியல் தருகிறார். அதில் முதலில் நிற்பது "உண்மையுள்ளவைகள்". அன்புள்ளவையும் நற்கீர்த்தியுள்ளவையும் பிறகுதான் வருகின்றன. அவர் இதை எழுதியது காவலில் கட்டுண்டு இருந்தபோது. ஆகவே, "எல்லாம் நல்லபடியாக நடக்கும்" என்று மனதுக்குத் தாலாட்டுப் பாடுவது அல்ல இது. முதலில் உண்மை, அப்புறம் ஆறுதல். இந்த வரிசை மாறினால் கிடைக்கிற ஆறுதல் தாங்காது.

முதல் படி: எண்ணத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"மனசு சரியில்லை" என்று எழுத வேண்டாம். மனசு என்ன சொல்கிறது என்று எழுதுங்கள். எங்கள் வீட்டுக் கூட்டத்துக்கு வரும் ஒரு தங்கை பிறையிலிருந்து பாயான் லெப்பாஸுக்கு ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர். சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்ததால் சொல்கிறேன். ஒருநாள் இரவு லீவு கேட்டு சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப் அனுப்பினார். இரண்டு நீலக் கோடுகள் வந்தன, பதில் வரவில்லை. அன்று அவர் நோட்டில் எழுதிய வாக்கியம்: "என்னை வேலையை விட்டு எடுக்கப் போகிறார்கள்."

இரண்டாம் படி: நடந்தது ஒரு பக்கம், நாம் சேர்த்தது ஒரு பக்கம்

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். நடந்தது இடப்பக்கம், மனம் சேர்த்துக்கொண்டது வலப்பக்கம். அந்தத் தங்கையின் இடப்பக்கத்தில் இருந்தவை: "9 மணிக்கு மெசேஜ் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை." வலப்பக்கமோ நீண்டுகொண்டே போனது. அவருக்குக் கோபம், என்னை ஏற்கெனவே பிடிக்காது, கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள், வீட்டுக் கடனுக்கு எங்கே போவேன்.

இங்கே நிதானம் வேண்டும். வலப்பக்கத்தில் இருப்பதெல்லாம் பொய் என்று அடித்துவிடக் கூடாது. கான்ட்ராக்ட் முடியப்போவது உண்மை என்றால் அது இடப்பக்கம் போக வேண்டும். கடன் உண்மை, நோய் உண்மை. அவற்றை இல்லை என்று சொல்லும்படி விசுவாசம் நம்மிடம் கேட்பதில்லை. ஆனால் "அவருக்குக் கோபம்" என்பது வெறும் ஊகம். ஊகத்தை ஊகம் என்று பெயர் சொல்லி எழுதினாலே அதன் சத்தம் பாதி குறைந்துவிடும். எனக்குத் தெரிந்தவரை இந்தப் படியைத்தான் பலர் தாண்டிவிட்டு நேராக வசனத்துக்கு ஓடுகிறார்கள். தயவுசெய்து ஓடாதீர்கள்.

மூன்றாம் படி: இரண்டு பக்கத்தையும் தேவனிடம் வாசியுங்கள்

அழகான ஜெபமாக மாற்ற வேண்டியதில்லை. எழுதியதை எழுதியபடியே வாய்விட்டு வாசியுங்கள். 13-ஆம் சங்கீதத்தில் தாவீது "எதுவரைக்கும்" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். மொத்தம் ஆறே வசனங்கள். முறையீட்டில் தொடங்கிப் பாட்டில் முடிகிறது. பாட்டுக்கு வர அவர் முறையீட்டைத் தாண்டிக் குதிக்கவில்லை, அதன் வழியாகவே நடந்தார்.

நான்காம் படி: ஓர் எண்ணத்துக்கு ஒரு வசனம்

வனாந்தரத்தில் இயேசு மூன்று முறை சோதிக்கப்பட்டார். மூன்று பதில்களையும் உபாகமத்திலிருந்தே எடுத்தார். ஒவ்வொன்றும் அந்தந்தச் சோதனைக்கு நேரான பதில். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி இதையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார். மனதை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லும் வசனங்களைத் தொகுத்து வைத்தார்.

தொடங்குவதற்குச் சில: நாளையைப் பற்றிய பயத்துக்கு மத்தேயு 6:31-34. மன்னிக்கப்பட்ட பிறகும் விடாத குற்ற உணர்வுக்கு ரோமர் 8:1. காலையில் கண் திறக்கும்போதே பாரமாக இருந்தால் புலம்பல் 3:22-23. அந்தத் தங்கை எடுத்தது எபிரெயர் 13:5. "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற வாக்கு அதில் இருக்கிறது. பணத்தைப் பற்றிப் பேசும் வசனத்திலேயே அது வருவதால் கடன் பயத்துக்கு நேராகப் பொருந்தியது.

எடுக்கும் வசனத்துக்கு முன்னும் பின்னும் நாலு வரி படித்துவிடுங்கள். எரேமியா 29:11-ஐப் பதவி உயர்வுக்கான வாக்குத்தத்தமாக ஃபோன் வால்பேப்பரில் வைத்திருக்கிறோம். அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்டது. அதற்கு முந்தைய வசனமே 70 வருஷம் ஆகும் என்கிறது. அப்படிப் படிக்கும்போதுதான் அந்த வசனத்தின் பலம் தெரியும்: காத்திருப்பு நீண்டாலும் அவர் மறக்கவில்லை.

ஐந்தாம் படி: வாயில் வைத்திருங்கள்

வசனத்தைச் சின்ன அட்டையில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். அந்தத் தங்கை ஃபேக்டரி பாஸுக்குப் பின்னால், அதே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருக்கிறார். பாஸைத் தொடும்போதெல்லாம் ஒருமுறை முணுமுணுக்கிறார். வேலைக்குப் போக அவர் தாண்டும் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர், ஒரே வசனத்தை நிதானமாகப் பலமுறை சொல்ல அந்தப் பயணம் தாராளமாகப் போதும். மலாய் வழித் தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் வாசிக்க வராத தம்பி தங்கைகள் ஒலி வேதாகமத்தில் கேட்டுச் சொல்லலாம், மலாய் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறாம் படி: ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள்

பிலிப்பியர் 4:8-ஐ அடுத்த வசனம் "செய்யுங்கள்" என்கிறது. இடப்பக்கத்தில் இருக்கும் உண்மையில் ஒன்றுக்கு இன்றைக்கே செய்யக்கூடியது என்ன? அந்தத் தங்கைக்கு அது, மறுநாள் காலை சூப்பர்வைசரிடம் நேரில் போய், "அண்ணே, லீவு கேட்டிருந்தேனே" என்று கேட்பது. அவ்வளவுதான்.

சரி, இதையெல்லாம் செய்தும் வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால், நோட்டை மூடிவிட்டு உடனே உதவி தேடுங்கள். அரசாங்க கிளினிக்கில் சொல்லலாம்; மலேசியச் சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555-ஐ அழைக்கலாம். அது விசுவாசக் குறைவு அல்ல. சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாக வேண்டுமென்று கேட்ட எலியாவுக்குத் தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான்.

மற்றவர்களுக்குக் கடைசியாக ஒரு யோசனை. சபையில் நம்பிக்கையான ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், "இந்த வாரம் இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன?" என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். புத்திமதி சொல்ல அவசரப்பட வேண்டாம். கேட்டுவிட்டு, அங்கேயே நின்று சேர்ந்து ஜெபியுங்கள்.