பெயர் அப்புறம், முதலில் அலகைப் பாருங்கள்: மலையக வீட்டு வாசலில் பறவை பார்க்கத் தொடங்குவது எப்படி

பறவை பார்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயரில் மாட்டிக்கொள்கிறார்கள். "இது என்ன குருவி?" என்று கேட்பார்கள், பதில் கிடைத்ததும் அடுத்த பறவைக்குத் தாவிவிடுவார்கள். நான் சொல்லும் வழி வேறு. பறவையின் உடம்பில் ஏதாவது ஒரு உறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: அலகு, கால், வால், இறகு. அது என்ன வேலை செய்கிறது என்று மட்டும் பாருங்கள். அப்படிப் பார்த்த பறவையின் பெயர் பிறகு மறக்கவே மறக்காது. இதற்காக எங்கும் போக வேண்டாம். வீட்டு வாசல், மரக்கறிப் பாத்தி, பீலிக்கரை போதும்.

படி 1: நேரமும் இடமும்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கங்களில் விடியற்காலையிலேயே உட்கார்ந்தால் பல நாள் பனிமூட்டம்தான் தெரியும். மூட்டம் விலகி, முதல் வெயில் மரங்களில் விழும் நேரமே நல்ல நேரம். பூச்சிகள் அப்போதுதான் அசையத் தொடங்கும், அவற்றைத் தேடிப் பறவைகளும் வரும். இஸ்தோப்பில் வெயில் உங்கள் முதுகில் படும்படி உட்காருங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான்.

பைனாகுலர் கட்டாயமில்லை. வாங்குவதானால் 8 மடங்கு பெரிதாக்குவதும், முன்பக்க வில்லை 42 மில்லிமீட்டர் உள்ளதும் போதும். அதற்கு மேல் பெரிதாக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். மப்பும் மழையுமாக இருக்கும் நம் ஊரில் அகலமான வில்லைதான் உதவும்.

படி 2: ஒரு தட்டுத் தண்ணீர் வையுங்கள்

தீனி வைப்பதை விடத் தண்ணீர் வைப்பதையே நான் முதலில் சொல்வேன். ஆழமில்லாத மண்சட்டி அல்லது பழைய தட்டு, நடுவில் ஒரு கல். தண்ணீர் இரண்டு விரல் உயரத்துக்கு மேல் வேண்டாம். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டு, தட்டைத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். பூனை பதுங்கிப் பாய முடியாத திறந்த இடமாகப் பார்த்து வையுங்கள்.

இப்போது முதல் பாடம். கொண்டைக்குருவி (சின்னான் என்றும் சொல்வார்கள்) வந்து குடிக்கும்போது கவனியுங்கள். அலகில் கொஞ்சம் தண்ணீரை அள்ளும், தலையை மேலே தூக்கும், தண்ணீர் தொண்டைக்குள் இறங்கும். திரும்பவும் குனியும். மைனாவும் இப்படித்தான். அடுத்து புள்ளிப்புறா வரும்வரை காத்திருங்கள். அது அலகைத் தண்ணீருக்குள் அமிழ்த்தி, தலையை நிமிர்த்தாமலே உறிஞ்சிக் குடிக்கும். பெரும்பாலான பறவைகளால் இது முடியாது. ஒரே தட்டில் இரண்டு விதமான தொண்டை வேலை செய்வதைப் பார்க்கிறீர்கள்! அந்தப் புறாவுக்கு இன்னொரு அதிசயமும் உண்டு. குஞ்சு பொரித்த முதல் நாட்களில் தாயும் தந்தையும் தங்கள் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற ஒன்றைத்தான் குஞ்சுக்கு ஊட்டும். ஆண் பறவையும் சுரக்கும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கிறது.

படி 3: அலகு

பாத்தி ஓரத்துப் புல்லில் தொங்கும் சில்லைக்குக் குட்டையான தடித்த அலகு. அது விதையை உடைக்க. ஒக்டோபர் வாக்கில் வந்து வேலிக்கம்பியில் உட்காரும் பழுப்புக் கீச்சானுக்கு நுனி வளைந்த அலகு. மேல் அலகின் ஓரத்தில் பல் போல ஒரு முனையும் உண்டு. அது இரையைப் பிடித்துக் கொல்ல.

செவ்வரத்தையோ வாழைப்பூவோ முள்முருக்கோ இருந்தால் தேன்சிட்டு வந்தே தீரும். நீண்டு வளைந்த அலகு உள்ளது லோட்டன் தேன்சிட்டு. 1752 முதல் 1757 வரை இலங்கையில் ஒல்லாந்தர் ஆளுநராக இருந்த யோவான் கிடியோன் லோட்டனின் பெயர் அதற்கு. அலகுக்குள் இருக்கும் நாக்கு குழாய் போல உருண்டு, நுனியில் பிளந்திருக்கும். பூவின் அடியில் உள்ள தேனை எடுக்க அதுவே கருவி. ஆண் குருவி திரும்பும்போது நிறத்தையும் பாருங்கள். ஒரு கணம் வெறும் கறுப்பு, அடுத்த கணம் ஊதாவும் பச்சையும் மின்னும். அந்த மின்னல் சாயத்தால் வருவதில்லை. இறகின் மிக நுண்ணிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் வருகிறது. அதனால்தான் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது.

தையல்சிட்டின் அலகு ஊசி மாதிரி மெலிந்தது. இலையின் ஓரங்களில் துளையிட்டு, சிலந்தி நூலையும் பஞ்சையும் அதற்குள் இழுத்து, இலையையே பையாகத் தைத்துவிடும். கூட்டைக் கண்டால் கையை வைக்க வேண்டாம், கிளையை விலக்கிப் படம் எடுக்கவும் வேண்டாம். தள்ளி நின்றே பாருங்கள்.

படி 4: மரங்கொத்தி (இதற்கு ஒரு நாள் முழுக்க ஒதுக்கலாம்)

தேயிலைக்கு நிழல் தரும் சவுக்கு மரத்திலோ பட்டுப்போன பலா மரத்திலோ தட்டும் சத்தம் கேட்டால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அங்கே திரும்புங்கள். நம் மலைகளில் வருவது முதுகு சிவந்த மரங்கொத்தி. உலகில் இலங்கையில் மட்டும் வாழும் இனம். யாழ்ப்பாணம், மன்னார் பக்கம் உள்ள உறவுக்காரர்கள் பார்ப்பது பொன்முதுகு உள்ளது.

முதலில் காலைப் பாருங்கள். கொண்டைக்குருவிக்கு மூன்று விரல் முன்னால், ஒன்று பின்னால். மரங்கொத்திக்கு இரண்டு முன்னால், இரண்டு பின்னால். செங்குத்தான மரத்தை இறுகப் பற்ற அது உதவுகிறது. அடுத்து வால். அதன் இறகுகள் விறைப்பானவை. கொத்தும்போது வாலை மரத்தில் ஊன்றி உடம்பைத் தாங்கிக்கொள்ளும். மூக்குத்துளை மேல் சிறிய இறகுகள் மூடியிருப்பதால் மரத்தூள் உள்ளே போகாது.

நாக்கை வெளியிலிருந்து முழுதாகப் பார்க்க முடியாது, ஆனால் தெரிந்துகொண்டு பார்த்தால் பறவையே வேறாகத் தெரியும். நாக்கைத் தாங்கும் எலும்பும் தசையும் தொண்டையில் முடிந்துவிடாமல், மண்டையோட்டின் பின்புறமாகச் சுற்றி, உச்சியைத் தாண்டி முன்பக்கம் வரை வருகின்றன. அதனால்தான் துளைக்குள் ஒளிந்திருக்கும் புழு வரை நாக்கை நீட்ட முடிகிறது.

இவ்வளவு வேகமாக மோதியும் மூளை எப்படித் தப்புகிறது? மண்டையோடு அதிர்ச்சியை உறிஞ்சிக்கொள்கிறது என்றுதான் நெடுநாள் சொல்லி வந்தார்கள். 2022இல் மூன்று இன மரங்கொத்திகளை அதிவேகக் கமராவில் படம் பிடித்து ஆராய்ந்தபோது, தலை ஒரு சுத்தியலைப் போல இறுக்கமாகவே மோதுகிறது என்று தெரிந்தது. உறிஞ்சிக்கொண்டால் அடியின் வலு வீணாகிவிடுமே! மூளை மிகச் சிறியது என்பதால் அந்த அடி அதற்குத் தாங்கக்கூடியதாகவே இருக்கிறது.

படி 5: கம்பியைப் பாருங்கள்

தேயிலை மலைக்கு மேல் வேகமாகச் சுழன்று பறப்பவற்றைக் கண்டால் மின்கம்பியைக் கவனியுங்கள். அதில் வந்து உட்கார்ந்தால் தகைவிலான். பங்களா, தொழிற்சாலைக் கூரைகளின் கீழ் மண்ணால் கூடு கட்டும். எத்தனை நேரமானாலும் உட்காராமல் பறந்துகொண்டே இருந்தால் அது உழவாரக்குருவியாக இருக்கலாம். அதன் கால்கள் சுவரிலும் பாறையிலும் தொற்றிக்கொள்ள மட்டுமே ஏற்றவை. நம் மலைகளில் உள்ள சிறிய உழவாரன் தன் எச்சிலைக் கொண்டு குகைகளில் கூடு கட்டும். இருட்டுக் குகைக்குள் 'டிக் டிக்' என்று ஒலி எழுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்டே வழி கண்டுபிடிக்கும்.

படி 6: குளிர் நாள்

நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி படியும் காலைகள் உண்டு. அன்றைக்குக் குண்டாக உப்பி உட்கார்ந்திருக்கும் குருவியைப் பார்த்து நோய் என்று நினைக்காதீர்கள். இறகுகளை விரித்து இடையில் காற்றை அடைத்து வைத்திருக்கிறது. அதன் உடம்புச் சூடு நம்முடையதை விட அதிகம், சுமார் 40 பாகை. கால்களில் இறகு இல்லையே என்றால், அங்கே கீழே இறங்கும் சூடான இரத்தமும் மேலே வரும் குளிர்ந்த இரத்தமும் அடுத்தடுத்து ஓடுகின்றன. சூடு ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறிவிடுவதால் வெளியே வீணாவது குறைவு. ஒரு காலை மடித்து இறகுக்குள் வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 7: கொப்பி

தேதி, நேரம், பனியா வெயிலா, எந்த உறுப்பு, என்ன செய்தது. இவ்வளவு போதும். படம் வராவிட்டாலும் அலகை வரைந்து பாருங்கள். வரையும்போதுதான் கண் சரியாகப் பார்க்கும். எழுதி முடித்த பிறகு மெர்லின் செயலியில் பெயரைத் தேடலாம். அது இலவசம்.

செப்டெம்பர் கடைசியிலிருந்து கானோரத்திலும் பீலிக்கரையிலும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் வாலாட்டியைத் தேடத் தொடங்குங்கள். அது வடக்கே வெகு தூரத்திலிருந்து குளிர்காலம் கழிக்க வருவது. முதலில் கண்ட தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள், அடுத்த வருடம் ஒப்பிடலாம். நுவரெலியாவுக்குப் போகிறவர்கள் அந்த மாதங்களில் விக்டோரியா பூங்காவில் ஒரு காலைப் பொழுதைக் கழியுங்கள். காஷ்மீரில் இனம்பெருக்கி, கடல் தாண்டி வரும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் அங்கே வரும். ஆணுக்குத் தொண்டையும் நெஞ்சும் செம்மஞ்சள், ஓரத்தில் கறுப்புக் கோடு. பூங்காவின் ஓடைப் பக்கம், நிழலான இடங்களில் தேடுங்கள்.