பறக்கும் மினியேச்சர்களை அடித்தட்டில் நிலையாக நிறுத்துவது எப்படி?

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுகளுக்கான மினியேச்சர் உருவங்களில், இறக்கை விரித்துப் பறப்பவைதான் முதலில் கண்ணில் படுகின்றன; கவிழ்ந்து இறக்கை முறிவதும் பெரும்பாலும் அவற்றுக்குத்தான். பெட்டியோடு வரும் மெல்லிய பிளாஸ்டிக் தண்டு உருவத்துக்குள் மிகச் சிறிதளவே நுழைவதால், கை பட்டுப் பட்டு முதலில் தளர்ந்து, பிறகு ஒடிந்துவிடுகிறது. அதற்கு மாற்றாக, காவிரிப் படுகையின் எந்த ஊரிலும் ஹார்டுவேர் கடையிலும் சைக்கிள் கடையிலும் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு, புதிதாகத் தொடங்குபவரும் உறுதியான தாங்கியைச் செய்துகொள்ள முடியும். சராசரி மனித உருவம் ஏறத்தாழ 28 மி.மீ. உயரம் இருக்கும் அளவுத்திட்டத்தையும், 50 மி.மீ. விட்டமுள்ள வட்ட அடித்தட்டையும், 10 செ.மீ. உயரத்தில் பறக்கும் 30 கிராம் எடையுள்ள ஒரு பறவை உருவத்தையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் உருவம் வேறாக இருந்தால் எண்கள் மாறும், வழிமுறை மாறாது.

வாங்க வேண்டியவை அதிகமில்லை: 2 மி.மீ. தடிமனுள்ள சைக்கிள் ஸ்போக்குகள், ஒரு பெரிய இரும்பு வாஷர், எம்-சீல் (பிசைந்து ஒட்டும் எப்பாக்சி மாவு), அரால்டைட் (இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எப்பாக்சிப் பசை), 1 மி.மீ. மற்றும் 2 மி.மீ. துளைமுனைகளோடு ஒரு சிறிய கைத்துளைப்பான், அரம், உப்புத்தாள், ஹேக்ஸா பிளேடு. சிறிய துளைப்பான் உள்ளூரில் கிடைக்காவிட்டால் இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். மின்சார டிரில் வேண்டாம்; அது பிளாஸ்டிக்கை உருக்கும், மெல்லிய மார்பைப் பிளந்தும் விடும்.

எடையிலிருந்து தொடங்குங்கள்

பலர் முதலில் கம்பியைத் தேர்ந்தெடுத்து, உருவத்தை அதில் ஏற்றி, கவிழ்ந்தால் மட்டுமே அடித்தட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். அடித்தட்டிலிருந்து மேல்நோக்கித் திட்டமிடுவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. எப்படிச் சாய்த்தாலும் நிமிர்ந்துகொள்ளும் தஞ்சாவூர் பொம்மையின் அடிப்பாகம் கனமாக இருப்பதைப் போல, நம்முடைய உருவத்துக்கும் மொத்த எடையின் பெரும்பகுதி தரையை ஒட்டியே இருக்க வேண்டும். பொம்மையின் அடி வளைவானது, நம்முடையது தட்டையானது என்பதால், ஒரு வரம்பைத் தாண்டிச் சாய்ந்தால் நம்முடையது திரும்பி நிமிராது. ஆகவே அந்த வரம்பு எவ்வளவு என்று முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்வது நல்லது.

கணக்கு எளிமையானது. 30 கிராம் உருவத்தின் ஈர்ப்பு மையம் 100 மி.மீ. உயரத்திலும், 10 கிராம் அடித்தட்டின் ஈர்ப்பு மையம் 3 மி.மீ. உயரத்திலும் இருப்பதாக வைத்துக்கொண்டு, கம்பியின் எடையை விட்டுவிட்டால், இரண்டும் சேர்ந்த மையம் ஏறத்தாழ 76 மி.மீ. உயரத்தில் அமைகிறது. அடித்தட்டின் ஆரம் 25 மி.மீ. என்பதால், 18 பாகை சாய்ந்தாலே எல்லாம் கவிழ்ந்துவிடும். அடித்தட்டில் 30 கிராம் இரும்பைச் சேர்த்தால் மையம் 45 மி.மீ. உயரத்துக்கு இறங்கி, கவிழும் கோணம் 29 பாகையாக உயர்கிறது. இன்னொரு 30 கிராமை, அடித்தட்டின்மேல் அமைக்கும் மண்மேட்டின் உள்ளே மறைத்துவிட்டால் மையம் 33 மி.மீ. உயரத்துக்கு வந்து, 37 பாகை வரை சாய்ந்தாலும் உருவம் நிமிர்ந்துகொள்ளும். கம்பியை எவ்வளவு தடிமனாக்கினாலும் இந்தப் பலன் கிடைக்காது.

44 மி.மீ. வெளிவிட்டமும் 4 மி.மீ. தடிமனும் உள்ள, 24 மி.மீ. போல்ட்டுக்கான வாஷர் ஒன்று ஏறத்தாழ 30 கிராம் இருக்கும். அடித்தட்டின் அடியில் அதற்கேற்ற குழிவு இருந்தால் அங்கே ஒட்டுங்கள். இல்லையென்றால் மேற்பரப்பில் ஒட்டி, மண்மேடாக மூடிவிடலாம். ஈயக்குண்டுகளைத் தவிர்த்துவிடுங்கள். கையில் எடுத்து ஆடும் பொருளில், அதுவும் குழந்தைகள் இருக்கும் வீட்டில், ஈயத்துக்கு இடமில்லை.

அடுத்ததாக, உருவத்தின் எடைக்கோடு எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் இறக்கையில் நூலைக் கட்டித் தொங்கவிட்டு, நூலின் நேர்கோடு உடலை எங்கே கடக்கிறது என்று கொத்தனார் தூக்குக்குண்டு பார்ப்பதுபோல் பார்த்துப் பென்சிலால் குறியுங்கள். பிறகு வால் நுனியில் கட்டித் தொங்கவிட்டு மீண்டும் குறியுங்கள். இரு கோடுகளும் சந்திக்கும் இடத்துக்கு நேர் கீழே கம்பி நுழைந்தால், உருவம் எந்தப் பக்கமும் இழுக்காது. உருவத்தின் மையம் அடித்தட்டின் நடுவிலிருந்து 10 மி.மீ. முன்னால் தள்ளிப்போனால், எடை சேர்க்காத அடித்தட்டு அந்தப் பக்கம் 13 பாகையிலேயே கவிழும்.

இந்த இடத்தில் நம் ஊர்ப் பறவைகளைக் கவனிப்பது நேரடியாகப் பயன்படும். வடுவூர் ஏரியிலும் கோடியக்கரையிலும் பார்க்கலாம்: கொக்கு கழுத்தை மடக்கிக்கொண்டு பறக்கும், நத்தைகுத்தி நாரை கழுத்தை முன்னால் நீட்டிப் பறக்கும். நீண்ட கழுத்துள்ள கற்பனை விலங்கை நாரையைப்போல் அமைத்தால் அதன் மையம் முன்னுக்கு நகர்கிறது. துளையும் மார்புப் பக்கம் நகர வேண்டும். வயலுக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து, திரும்பும் பக்கமாக உடலைச் சாய்த்துக்கொள்ளும். அந்தச் சாய்வை உருவத்துக்குக் கொடுத்தால் பறக்கும் உணர்வு உடனே வந்துவிடும், ஆனால் அந்தப் பக்கத்து இறக்கை கீழிறங்கும் அளவுக்குத் துளையின் கோணத்தையும் மாற்ற வேண்டியிருக்கும்.

துளையிடுதல்

குறித்த இடத்தில் ஊசியால் ஒரு சிறு பள்ளம் போட்டு, 1 மி.மீ. முனையால் வழித்துளை இட்டு, பிறகு 2 மி.மீ. முனையால் அகலப்படுத்துங்கள். ஆழம் கம்பியின் தடிமனைப்போல் மூன்று மடங்காவது, அதாவது 6 மி.மீ. இருக்க வேண்டும். முப்பரிமாண அச்சில் ரெசின் என்ற திரவப் பிசினை இறுக்கிச் செய்த உருவங்கள் பல உள்ளே வெற்றிடமாக இருக்கும். துளைப்பான் திடீரென்று உள்ளே இறங்கினால், உலராத ரெசின் உள்ளே தேங்கியிருக்கிறதா என்று பார்த்து, கையுறையோடு துடைத்துவிட்டு, வெற்றிடத்தை எம்-சீலால் அடைத்து, அது இறுகிய பிறகு மீண்டும் துளையிடுங்கள். ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம். தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது.

கம்பி

பித்தளைக் கம்பியும் நன்றாகத்தான் இருக்கிறது. கும்பகோணத்துப் பித்தளை வேலை நடக்கும் இடங்களில் துண்டுக் கம்பிகள் கிடைத்தால் வாங்கி வையுங்கள், கையாலேயே வளைக்கலாம். ஆனால் முதல் உருவத்துக்குச் சைக்கிள் ஸ்போக்கையே பரிந்துரைக்கிறேன். அது விறைப்பானது, துருப்பிடிக்காத எஃகில் கிடைக்கிறது, அதைவிட முக்கியமாக அதன் ஒரு முனை தொழிற்சாலையிலேயே செங்கோணமாக வளைக்கப்பட்டு வருகிறது. அடித்தட்டின் நடுவில் 2 மி.மீ. துளையிட்டு, ஸ்போக்கைக் கீழிருந்து மேலே செலுத்தினால், வளைந்த முனை வாஷரின் நடுத்துளைக்குள் படுத்துக்கொள்ளும். அந்தத் துளை முழுவதையும் எம்-சீலால் நிரப்பி அழுத்தினால் கம்பியை இழுக்கவும் முடியாது, திருகவும் முடியாது. அடியில் பிசின் துருத்திக்கொண்டிருந்தால் அடித்தட்டு ஆடும் என்பதால், ஈர விரலால் மட்டமாக்கி, கண்ணாடித் தகட்டின்மேல் பாலித்தீன் விரித்து, அதன்மேல் இறுக விடுங்கள்.

ஸ்போக்கை ஹேக்ஸா பிளேடால் அறுப்பது நல்லது. கட்டிங் பிளேயரால் வெட்டினால் துண்டு தெறிக்கும்; கண்ணாடி அணியாமல் வெட்டாதீர்கள். மேல்முனையின் ஒரு பக்கத்தை அரத்தால் சற்றே தட்டையாக்கிக் கீறிவிடுங்கள். வட்டக் கம்பி வட்டத் துளையில் பசையை உடைத்துக்கொண்டு சுழல்வதுதான் வழக்கமான கோளாறு. பசை அந்தத் தட்டையான பக்கத்தில் தங்கினால் சுழற்சி நின்றுவிடும்.

கம்பியை மறைப்பது

கம்பி தெரியாமல் இருக்க வேண்டும் என்று ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தண்டைத் தேடுபவர்கள் உண்டு. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டிக் கழித்த 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டிலிருந்து பட்டையாக அறுத்தும் செய்யலாம். எனக்கு அதைவிட, உருவம் எதையாவது தொட்டுக்கொண்டிருப்பது பிடிக்கும். தஞ்சை அரண்மனை கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத்திருமேனிகளுக்கு முன் நின்று, நடராசரின் விரிசடையும் ஆடைநுனியும் திருவாசியை எங்கே தொடுகின்றன என்று பாருங்கள். ஒற்றைக் காலில் சுழலும் உருவத்துக்கு அந்தத் தொடுபுள்ளிகள் தாங்கலாகவும் அமைகின்றன, கண்ணுக்கு அவை ஆட்டத்தின் வேகமாகவே தெரிகின்றன. தாங்கும் இடம் கதையின் பகுதியாகவும் இருக்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் பாடம் எனக்குத் தெரியாது.

நம் அடித்தட்டில் இதைப் பல வழிகளில் செய்யலாம். ஸ்போக்கைச் சுற்றி எம்-சீலை மெல்லிய வளையங்களாக ஏற்றினால் அது பனைமரத் தண்டாகிவிடும். மேலே காகித ஓலைகளை ஒட்டி, பறவையின் நகம் ஓலையை உரசிக்கொண்டு எழுவதாக அமைக்கலாம். வாய்க்கால் மடையின் உடைந்த கல்தூண், கூரை சரிந்த களத்துக் கொட்டகையின் மூங்கில்கால், நாணல் புதர் ஆகியவையும் பொருந்தும். நாணலாக வைத்தால் ஈர்க்குச்சியை மெல்லியதாகச் சீவி, வெவ்வேறு உயரத்தில் நாலைந்தை ஒரே பக்கம் சாய்த்து நடுங்கள். காற்று அடிக்கும் திசை தெரிந்தால் பறவையின் இறக்கைக்கும் பொருள் கிடைக்கும். கல்லையும் சுவரையும் தஞ்சாவூர் நெட்டி வேலைக்குப் பயன்படும் நெட்டித் தக்கையில் செதுக்கலாம். அது மிக லேசானது, கத்திக்கு எளிதில் இணங்கும். மேட்டின் மேல்பகுதியில் எடை ஏறாமல் உயரம் மட்டும் கிடைக்கும். இரண்டாவது தொடுபுள்ளி, ஒரு வால் நுனியாக இருந்தாலும்கூட, உருவம் கம்பியைச் சுற்றித் திரும்புவதைத் தடுத்துவிடுகிறது.

தரைக்கு ஆற்றுமணலைத் தேநீர் வடிகட்டியில் சலித்துக் கழுவிக் காயவைத்து, வெள்ளைப் பசையின்மேல் தூவுங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணிக் கடற்கரை மணலை எடுத்தால், உப்புப் போக நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். மிஞ்சும் உப்பு ஈரத்தை இழுத்து, பெயிண்டுக்கு மேல் வெள்ளையாகப் பூக்கும். காய்ந்த வண்டல் மண்ணைப் பொடித்துப் பசையோடு குழைத்துத் தடிமனாகப் பூசினால், உலரும்போது தானாகவே வெடித்து, கோடையில் தண்ணீர் வராத வயலைப்போல் ஆகிவிடும்.

ஒட்டுவதும் மழைக்காலமும்

உருவத்தையும் கம்பியையும் இணைக்க அரால்டைட்டையே பயன்படுத்துங்கள். ஃபெவிக்விக் போன்ற உடனடிப் பசை காற்றின் ஈரத்தால்தான் இறுகுகிறது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் டெல்டாவின் காற்று ஈரத்தில் ஊறியிருக்கும்போது அதன் ஆவி சுற்றிலும் வெண்படலமாகப் படியும். பெயிண்ட் அடித்த பரப்பிலும் அக்ரிலிக் தண்டிலும் அந்தப் படலம் மிக அசிங்கமாகத் தெரியும். வார்னிஷ் ஸ்பிரேயும் அந்த நாள்களில் மங்கலாகிவிடக்கூடும் என்பதால், மழை விட்டு வெயில் வந்த பகலில் அடிப்பது பாதுகாப்பானது. அரால்டைட் பூசிய பிறகு உருவத்தை இரு பக்கமும் புத்தக அடுக்கால் முட்டுக்கொடுத்து, ஒரு முழு நாள் தொடாமல் விட்டுவிடுங்கள்.

பெயிண்ட் வேலையை இணைப்பதற்கு முன்பே முடித்துவிடுவது வசதி. அடிவயிற்றுத் துளையிலேயே ஒரு மூங்கில் குச்சியைச் செருகினால் அதுவே கைப்பிடியாகும். அக்ரிலிக் தண்டில் பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) படாமல் டேப் சுற்றிவிடுங்கள்.

வெளியூருக்குக் கொண்டுபோய் ஆடுபவர்கள் உருவத்தைக் கழற்றி மாட்டும்படி செய்யலாம். 5 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிமனும் உள்ள நியோடிமியம் காந்தங்கள் இரண்டை எடுத்து, ஒன்றை வயிற்றிலும் மற்றொன்றைக் கம்பியின் தலையில் எம்-சீலால் செய்த சிறு கிண்ணத்திலும் பதியுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒன்றையொன்று ஈர்க்கும் முகங்களில் மார்க்கரால் குறியிடாவிட்டால், ஒட்டிய பிறகு அவை ஒன்றையொன்று தள்ளக்கூடும். குழந்தைகள் இந்தக் காந்தங்களை ஒன்றுக்கு மேல் விழுங்கினால் அவை குடலைக் கிள்ளித் துளைத்துவிடும். மீந்தவற்றை மூடி போட்ட டப்பாவில் உயரத்தில் வையுங்கள்.

ஆடப்போகும் விளையாட்டின் விதிநூலில் அடித்தட்டின் அளவு சொல்லப்பட்டிருக்கும். பல விளையாட்டுகளில் தூரத்தை அடித்தட்டின் விளிம்பிலிருந்தே அளப்பதால், நிலைத்தன்மைக்காக வட்டத்தைப் பெரிதாக்க நினைத்தால் எதிரில் ஆடுபவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எடையைக் கூட்டுவதற்கு அப்படிக் கேட்க வேண்டியதில்லை. எல்லாம் இறுகிய பிறகு, அடித்தட்டை ஒரு பலகையில் வைத்து, வழுக்காமல் இருக்க அதன் கீழ்ப்பக்க விளிம்புக்கு அருகே பலகையில் ஓர் அளவுகோலை ஒட்டி, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். உருவம் விழுந்தால் பிடிக்க மறு கை தயாராக இருக்கட்டும். 25 பாகை வரை கவிழாமல் நின்றால் மேசைக்குக் கொண்டுபோகலாம். அதற்கு முன்பே சாய்ந்தால், சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பில் இன்னொரு வாஷரைச் சேர்த்து மீண்டும் உயர்த்திப் பாருங்கள்.