கணிமைச் சமூக அறிவியலுக்குப் பேராசிரியர் தேடுவது எப்படி? தேர்வுக் குழுவில் முதன்முறை உட்காருகிறவர்களுக்கு

கோலாலம்பூரில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் ஒரு மாலை புலத் தலைவர் அழைத்து, "தேர்வுக் குழுவில் நீங்களும் இருங்கள்" என்றார். துறையின் பெயரைக் கேட்டதும் தலையாட்டிவிட்டேன். அந்தத் தேடலில் ஐந்து மாதங்கள் போயின, ஆள் கிடைக்கவில்லை. இரண்டாம் முறை கிடைத்தார். இடையில் கற்றுக்கொண்டதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

துறையை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. சமூகத்தைப் பற்றிய கேள்விகளுக்குக் கணினி மாதிரிகளையும் பெருந்தரவையும் (இணையப் பதிவுகள் போன்ற மிகப் பெரிய தரவுத் தொகுப்புகள்) கொண்டு விடை தேடுவதே கணிமைச் சமூக அறிவியல். 2009இல் டேவிட் லேசரும் பிறரும் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இந்தப் பெயர் பரவலாகப் புழங்கத் தொடங்கியது. வேர் இன்னும் பழையது. 1971இல் பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் கட்டங்களில் ஆட்களை நகர்த்திப் பார்த்தார். "என் இனத்தார் சிலராவது பக்கத்தில் இருந்தால் போதும்" என்ற மிதமான விருப்பமே ஊரை இரண்டாகப் பிரித்துவிடும் என்று காட்டினார். அதற்குப் பெருந்தரவு எதுவும் தேவைப்படவில்லை. விண்ணப்பதாரர் இதை அறிந்தவரா என்று பாருங்கள். "பெருந்தரவு" என்று மட்டும் பத்து முறை சொல்கிறவரிடம் எனக்குச் சற்று ஐயம் உண்டு.

முதல் படி: நாற்காலி எந்த அறையில்?

விளம்பரத்துக்கு முன்பே இதை முடிவு செய்யுங்கள். கணினி அறிவியல் புலத்தில் மாநாட்டுக் கட்டுரைக்குப் பெரிய மதிப்பு. சமூக அறிவியல் புலத்தில் ஆய்விதழ்க் கட்டுரையும் நூலும்தான் கணக்கு. வருகிறவர் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். எந்த அளவுகோலால் அவரை அளப்போம் என்று எழுதி இரண்டு புலத் தலைவர்களிடமும் கையொப்பம் வாங்கிவிடுங்கள். வாங்காவிட்டால் பதவி உயர்வு நேரத்தில் இருவரும் கையை விரிப்பார்கள்.

இரண்டாம் படி: விளம்பரம்

எங்கள் முதல் விளம்பரம் கல்யாணத் தரகர் கொண்டுவரும் பட்டியல் போல இருந்தது. இயந்திரக் கற்றல் தெரிய வேண்டும், களப்பணி அனுபவம் வேண்டும், வலைப்பின்னல் பகுப்பாய்வு வேண்டும், மூன்று மொழி வேண்டும், ஆய்வு நிதி திரட்டியிருக்க வேண்டும். பதினொரு நிபந்தனைகள். நல்லவர்கள் எட்டைப் படித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். எல்லாம் தெரியும் என்று எழுதியவர்கள் மட்டும் விண்ணப்பித்தார்கள்.

கட்டாயத் தேவைகளை மூன்றோடு நிறுத்துங்கள். மற்றவற்றை "இருந்தால் நல்லது" என்ற தலைப்பில் தள்ளுங்கள். கற்பிக்கும் மொழி, சம்பளப் படிநிலை, முடிவு தெரியும் மாதம் ஆகியவற்றை ஒளிக்காமல் எழுதுங்கள்.

மூன்றாம் படி: விண்ணப்பங்களைப் படிப்பது

எண்ணிக்கையில் மயங்காதீர்கள். கட்டுரையில் பெயர் வரும் வரிசைக்குத் துறைதோறும் பொருள் மாறும். கணினி அறிவியலில் கடைசிப் பெயர் பெரும்பாலும் ஆய்வுக்கூடத் தலைவருடையது. பொருளியலில் பலரும் அகர வரிசையில் போடுகிறார்கள். கட்டுரைகளின் எண்ணிக்கையையும் அவை மேற்கோள் காட்டப்பட்ட அளவையும் சேர்த்து ஒரே எண்ணாகத் தரும் எச் குறியீடும் (ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் கொண்டுவந்தது) துறைக்குத் துறை வேறுபடும். சமூகவியலாளரையும் கணினியாளரையும் அதை வைத்து ஒப்பிட்டால் எடைக்கல்லை வைத்து நீளத்தை அளந்த கதைதான்.

நாங்கள் கேட்டது இவ்வளவே: சிறந்த மூன்று கட்டுரைகள், ஒவ்வொன்றிலும் "நான் செய்தது இது" என்று அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தில் பலர் தடுமாறினார்கள்.

நான்காம் படி: தரவை மேசையில் வையுங்கள்

இந்தப் படிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். முதல் தேடலில் வந்தவர்கள் அழகான படங்களைத் திரையில் ஓட்டினார்கள், நாங்கள் தலையாட்டினோம். இரண்டாம் தேடலில், பினாங்கிலிருந்து வெளி மதிப்பீட்டாளராக வந்த நண்பர், "ஒரு சிறு கோப்பைக் கொடுத்து அரை மணி நேரம் விடுங்கள்" என்றார். பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தைப் பற்றி முந்நூறு கருத்துகளை நாங்களே எழுதினோம். உண்மை மனிதர்களின் பதிவுகளைத் தொடவில்லை. மலாய், தமிழ் எழுத்தில் தமிழ், ரோமன் எழுத்தில் தமிழ், எல்லாம் கலந்த வரிகள். "மக்கள் மகிழ்ச்சியா, எரிச்சலா?" என்று கேட்டோம்.

ஒருவர் வரிகளின் உணர்வை மதிப்பிடும் ஆயத்தக் கருவியை ஓட்டி எண்பது சதவீதம் மகிழ்ச்சி என்றார். கோப்பில் "தாக் பெஸ்ட்" என்று பல வரிகள் இருந்தன. மலாயில் "தாக்" என்பதற்கு "இல்லை" என்று பொருள்; அதாவது "நன்றாக இல்லை". "பெஸ்ட்" என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட ஆங்கிலக் கருவி, குறை சொன்னவர்களையெல்லாம் மகிழ்ந்தவர்களாக்கிவிட்டது. அவர் கோப்பின் ஒரு வரியைக்கூட வாசிக்கவில்லை.

இன்னொருவர் முதல் பத்து நிமிடம் எதையும் ஓட்டவில்லை, வரிகளை வாசித்தார். பிறகு சொற்களை எண்ணிவிட்டு நிமிர்ந்து, "கொடி" என்ற சொல்லைச் சுட்டிக்காட்டி, "இந்தச் சொல் ஏன் இரண்டு முறை, இரண்டு எண்ணிக்கையோடு வருகிறது?" என்றார். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுனிகோடு முறையில் "கொ"வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. அவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தின் வடிவம் ஒத்திருப்பதை வைத்தே பிடித்துவிட்டார். என் மனத்தில் அப்போதே முடிவாகிவிட்டது. குழுவில் மற்றவர்கள் மேலும் ஒரு மணி நேரம் பேசினார்கள்.

ஐந்தாம் படி: நேர்காணல்

இரண்டு கேள்விகள் போதும். ஒன்று அறம். 2014இல் வெளியான ஃபேஸ்புக் ஆய்வில் 6,89,003 பேரின் செய்தியோடையை அவர்களுக்குத் தெரியாமல் மாற்றி, மனநிலை தொற்றுகிறதா என்று பார்த்தார்கள். "இது உங்கள் மாணவரின் திட்டமாக வந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். "சட்டப்படி சரிதான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறவரை மேலும் துருவுங்கள்.

மற்றொன்று பிழைப்பு. தரவை எடுக்க ஆய்வாளர்களுக்குத் தந்திருந்த இலவச வழியை ட்விட்டர் 2023இல் அடைத்தது. ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா வைத்திருந்த, பொதுப் பதிவுகள் பரவுவதைக் காட்டும் கிரவுட்டேங்கிள் கருவி 2024 ஆகஸ்டில் மூடப்பட்டது. "ஒரு நிறுவனம் நாளை கதவைச் சாத்தினால் உங்கள் முனைவர் பட்ட மாணவரின் கதி என்ன?" மாற்று வழி வைத்திருப்பவர் தயங்காமல் சொல்வார்: கணக்கெடுப்பு, நேர்காணல், அரசின் திறந்த தரவு, தரவை மக்களே விரும்பிக் கொடுக்கும் ஏற்பாடு.

பரிந்துரையாளர்களிடம் தொலைபேசியில் பேசுங்கள். கடிதத்தில் எல்லோரும் உத்தமர்கள்.

ஆறாம் படி: வேலைக் கடிதம்

சம்பளம் மட்டும் எழுதிய கடிதம் போதாது. சர்வருக்கு யார் பணம் தருவது, தரவு எங்கே இருக்கும், ஆய்வு உதவியாளர் எத்தனை பேர் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். வெளிநாட்டவர் என்றால் வேலை அனுமதிக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் காலம் பிடிக்கும். வகுப்புத் தொடங்கும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

தேர்வாகாதவர்களுக்கும் உடனே எழுதிவிடுங்கள். முதல் தேடலில் மூன்று பேருக்கு நாங்கள் பதிலே அனுப்பவில்லை. இரண்டாம் முறை அவர்களில் ஒருவரை அழைத்தபோது, வேறிடத்தில் சேர்ந்து நான்கு மாதமாகிறது என்றார் மரியாதையாக.