தேர்தல் இரவும் பொருளாதாரச் செய்தியும்: நியூசிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நியூசிலாந்தில் முதல் தேர்தலைப் பார்க்கும் நம்மவர்கள் பலர், ஊரில் பழகிய கண்ணோடு பார்ப்பதால்தான் குழம்புகிறார்கள். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஒரு நாள், எண்ணிக்கை வேறொரு நாள். காலை 8 மணிக்குத் தபால் வாக்குகளில் தொடங்கி, சுற்றுக்குச் சுற்று முன்னிலை மாறி, பெரும்பாலும் இருட்டுவதற்குள் ஆட்சி யாருக்கு என்பது தெரிந்துவிடும். இங்கே சனிக்கிழமை இரவு 7 மணிக்கு வாக்குச்சாவடிகள் மூடப்பட்ட சிறிது நேரத்திலேயே எண்கள் வரத் தொடங்குகின்றன. நள்ளிரவை நெருங்கும்போது ஏறக்குறைய முழுப் படமும் கிடைத்துவிடுகிறது. ஆனால் அது முதற்கட்ட முடிவு மட்டுமே. அதிகாரபூர்வ முடிவு வெளிவர ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகும்.

இடைப்பட்ட நாட்களில் எல்லா வாக்குச்சீட்டுகளும் மறுபடி எண்ணப்படுவதோடு, சிறப்பு வாக்குகளும் சேர்க்கப்படுகின்றன. வெளிநாட்டில் இருப்பவர்கள், தங்கள் தொகுதிக்கு வெளியே வாக்களித்தவர்கள், தாமதமாகப் பதிவு செய்தவர்கள், முகவரி மாறியவர்கள் ஆகியோரின் வாக்குகள் இவை. 2023இல் இவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய 6 லட்சம். அதாவது, பதிவான வாக்குகளில் ஐந்தில் ஒரு பங்கு. இளைஞர்களும் வாடகை வீடு மாறுகிறவர்களும் இவர்களில் மிகுதி என்பதால், இந்த வாக்குகள் வழக்கமாக இடதுசாரிக் கட்சிகளின் பக்கம் சற்றுச் சாய்கின்றன.

2023 அக்டோபர் 14ஆம் தேதி இரவு வலதுசாரி நேஷனல் கட்சிக்கு 50 இடங்கள், அதன் தோழமைக் கட்சியான ஆக்ட்டுக்கு 11 இடங்கள் என்று வந்தது. 121 பேர் கொண்ட அவையில் 61 என்பது மயிரிழைப் பெரும்பான்மை. நவம்பர் 3ஆம் தேதி அதிகாரபூர்வ முடிவு வந்தபோது நேஷனல் 48 ஆகச் சுருங்கியிருந்தது. பூர்வகுடிகளான மாவோரிகளுக்கென்று உள்ள தொகுதிகளில் கூடுதலாக வென்ற தெ பாதி மாவோரி கட்சி 4 இடங்களிலிருந்து 6 இடங்களுக்கு உயர்ந்தது. தனக்குக் கிடைத்த கட்சி வாக்குக்கு உரியதைவிட அதிகத் தொகுதிகளை அது வென்றதால், அவையின் எண்ணிக்கையே 122 ஆகிவிட்டது. அந்தத் தொகுதிகளில் ஒன்றான தாமாக்கி மகௌராவில் தேர்தல் இரவு முன்னிலையில் இருந்த இடதுசாரி லேபர் கட்சி வேட்பாளர், மறு எண்ணிக்கைக்குப் பின் 42 வாக்குகளில் அக்கட்சியிடம் தோற்றார். விளைவாக, வின்ஸ்டன் பீட்டர்ஸின் நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சியும் சேர்ந்தால்தான் ஆட்சி என்ற நிலை வந்தது. மூன்று கட்சிகளின் உடன்பாடு நவம்பர் 24ஆம் தேதி அறிவிக்கப்பட்டது. தேர்தல் இரவிலேயே ‘புது அரசு வந்துவிட்டது, விசா விதியெல்லாம் மாறப்போகிறது’ என்று வாட்ஸ்அப்பில் பரபரத்தவர்கள் ஆறு வாரம் முந்திக்கொண்டுவிட்டார்கள்.

ஆகவே, எண்களைப் பார்க்கும்போது தொகுதி வெற்றிகளை விடக் கட்சி வாக்குப் பத்தியையே முதலில் பாருங்கள். ஒவ்வொருவருக்கும் இங்கே இரண்டு வாக்குகள், ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, மற்றொன்று கட்சிக்கு; அவையில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடங்கள் என்பதைப் பெரும்பாலும் கட்சி வாக்குதான் தீர்மானிக்கிறது. 5 சதவீதத்தைத் தொடாத கட்சி ஒரு தொகுதியையாவது வென்றிருக்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியேதான். எண்களை நேரடியாகத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் பார்ப்பதும், விளக்கத்துக்கு ஆர்என்இசட் வானொலியைக் கேட்பதும் போதும்.

தேர்தல் நாளன்று இரவு 7 மணி வரை வாக்காளர் மனத்தை மாற்றக்கூடிய எதையும் பொதுவெளியில் பதிவிடுவது குற்றம். ஊரில் செய்வதுபோல் கட்சிப் படத்தை முகநூலில் போட்டுவிடாதீர்கள். மறுபுறம், வதிவிட விசா இருந்து, எப்போதாவது ஓராண்டு தொடர்ந்து இங்கே வாழ்ந்திருந்தால், குடியுரிமை இல்லாமலேயே நீங்களும் வாக்களிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

பொருளாதாரச் செய்தியிலும் இதே கதைதான். 2023 ஜூன் மாதம், நாட்டின் உற்பத்தி இரண்டு காலாண்டுகள் தொடர்ந்து சுருங்கிவிட்டது, எனவே மந்தநிலை என்று தலைப்புகள் ஓடின. செப்டம்பரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, புள்ளிவிவரத் துறை மார்ச் காலாண்டின் 0.1 சதவீதச் சரிவைப் பூஜ்யமாகத் திருத்தியது. மந்தநிலை காகிதத்திலிருந்து மறைந்துபோனது. உற்பத்திக் கணக்கு காலாண்டு முடிந்து இரண்டரை மாதம் கழித்து வருவதால், அது எப்போதும் பழைய செய்தி. வேலை தேடுகிறவர்களுக்கு அதைவிட வேலையின்மை விகிதமும் விளம்பரப்படுத்தப்படும் வேலைகளின் எண்ணிக்கையும்தான் பயன்படும்.

வீடு வாங்க நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ரிசர்வ் வங்கியின் ஓசிஆர் எனப்படும் அடிப்படை வட்டி. இதை அரசு தீர்மானிப்பதில்லை. பணவீக்கத்தை 1 முதல் 3 சதவீதத்துக்குள் வைத்திருக்க வங்கியின் குழு தீர்மானிக்கிறது. 2022இல் பணவீக்கம் 7.3 சதவீதம் வரை சென்றதால் 2023 மே மாதத்தில் அந்த வட்டி 5.5 சதவீதத்தைத் தொட்டது. 2024 ஆகஸ்டில்தான் குறையத் தொடங்கியது. ஆட்சி மாறியதும் வட்டி இறங்கும் என்று காத்திருந்தவர்களுக்கு, அந்த இடைவெளி நீண்ட ஒன்பது மாதங்கள். இன்னொன்று: இங்கே வீட்டுக்கடனைப் பெரும்பாலோர் ஓராண்டு, இரண்டாண்டு என்று நிலையான வட்டிக்குக் கட்டிவைக்கிறார்கள். அந்த வட்டியில், இனி என்ன நடக்கும் என்ற சந்தையின் கணிப்பு ஏற்கெனவே கலந்திருப்பதால், ஓசிஆர் அறிவிப்பு வரும் நாளில் கடன் தரும் வங்கிகளின் வட்டி அசையாமலும் இருக்கலாம். சில சமயம் அறிவிப்புக்குப் பல வாரம் முன்பே அது இறங்கியிருக்கும்.