மைப்பேனா வாங்கும்முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

காலத்துக்கும் கூட வரும் மைப்பேனாவைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது. கடையில் தரும் வழவழப்பான தாள் வேண்டாம்; தினமும் எழுதும் நோட்டையே எடுத்துப் போங்கள். பிள்ளையார் சுழி போட்டு, ‘ழ’, ‘ணை’, ‘ஞ’ என்று சுழி நிறைந்த எழுத்தாக ஒரு பக்கம் எழுதுங்கள். சுழிக்குள் மை அடைத்துக்கொண்டால் நிப்பு பட்டை, மெல்லியது கேளுங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய பேனா கிடைத்தால், நிப்பு முனையின் இரு பாதியும் சமமாக இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். மை காய்ந்திருந்தால் கவலையில்லை, நிப்புப் பகுதியை மட்டும் பச்சைத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவிடுங்கள். எபோனைட் என்னும் கெட்டி ரப்பரில் செய்த பேனாவுக்கு வெந்நீர் கூடவே கூடாது, கருப்பு வெளுத்துவிடும். அப்பச்சி பேனாவை அப்படித்தான் பழுப்பாக்கிவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை.