தலைமைக் கதிரையில் இருப்பவர் தன்னை அறிந்துகொள்வது எப்படி?

புதிதாகத் தலைவராகத் தெரிவான எவரையும் சந்திக்கும்போது நான் முதலில் கேட்பது சங்கத்தின் யாப்பை, அதாவது விதிமுறைகளை, வாசித்தீர்களா என்பதல்ல. உங்கள் முகத்துக்கு நேரே கடைசியாக உங்களைத் திருத்தியவர் யார் என்றுதான் கேட்பேன். பலருக்கு உடனே பதில் வராது. சிலர் தாயைச் சொல்வார்கள், சிலர் கணவரைச் சொல்வார்கள். சங்கத்துக்குள் அப்படி ஒருவரும் இல்லையென்றால் அந்தத் தலைவரின் முதல் வேலை அங்கேதான் காத்திருக்கிறது. கடன் திட்டமும் கட்டட நிதியும் அதற்குப் பிறகு வரட்டும்.

நான் யாழ்ப்பாணத்து அளவெட்டியில் இருக்கிறேன். கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள். எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் செயலாளராகவும் பின்னர் தலைவராகவும் இருந்துவிட்டு, இப்போது அயலூர்ச் சங்கங்களில் பொறுப்பேற்கும் பெண்களுக்கு உதவி வருகிறேன். இங்கே எழுதுவது மாதர் சங்கத்துக்கு மட்டுமல்ல, சனசமூக நிலையத்துக்கும் விளையாட்டுக் கழகத்துக்கும் கோயில் பரிபாலன சபைக்கும் பொருந்தும்.

எங்கள் ஊர்களில் வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தலைவராக முன்மொழியப்படுகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே மதிப்புப் பெற்றவர். ஆசிரியர், ஓய்வுபெற்ற அதிபர், படித்த குடும்பத்துப் பெண். அந்த மதிப்பே மற்றவர்களின் வாயை மூடிவிடுகிறது. "ரீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று ஒருவர் தொடங்கினால் கூட்டம் அத்தோடு முடிந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தலைவருக்கு அந்த முதுகைப் பற்றிச் சொல்லவும் ஆளில்லை. அமெரிக்க நிறுவன உளவியலாளர் தாஷா யூரிக் தன் குழுவினருடன் ஏறத்தாழ 5,000 பேரை உள்ளடக்கிய ஆய்வுகளை நடத்தினார். தங்களைத் தாங்களே நன்றாக அறிந்திருப்பதாகப் பெரும்பாலானோர் நம்பினார்கள். உண்மையில் அந்த அளவுகோலுக்குள் வந்தவர்கள் நூற்றுக்கு 10 முதல் 15 பேர் வரைதான். பதவி உயர உயரத் தன் திறமையை மிகைப்படுத்தி மதிப்பிடும் போக்கு கூடுகிறது என்பதையும் அவர் சுட்டிக்காட்டுகிறார். மேலே இருப்பவரிடம் உண்மை சொல்ல ஆட்கள் குறைந்துபோவதுதான் காரணம் என்றால் எங்கள் ஊரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

ஒரு கொப்பியும் ஒரு வட்டமும்

தன்னை அறிவது என்றவுடன் கண்ணை மூடி உட்கார்ந்து யோசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். யோசிப்பது நல்லதுதான். ஆனால் யோசிக்கும்போது நாம் நமக்காகவே வாதாடுகிறோம். எழுதி வைத்ததோ வாதாடாது. தடித்த அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி அதை இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பக்கத்தில் ஒரு வட்டம் வரையுங்கள். கூட்டத்தில் யார் எங்கே அமர்ந்திருக்கிறார்களோ அதன்படி பெயர்களை வட்டத்தைச் சுற்றி எழுதுங்கள். ஒருவர் பேசத் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோடு. ஒருவர் பேச்சை இன்னொருவர் இடைமறித்தால், இடைமறித்தவரிடமிருந்து பேசியவரை நோக்கி ஓர் அம்புக்குறி. தலைவரே இதைச் செய்ய முடியாது. நிர்வாகத்தில் இல்லாத, நீங்கள் நம்பும் ஒருவரைப் பின்வரிசையில் இருத்தி எழுதச் சொல்லுங்கள். என்ன செய்கிறார், எதற்காகச் செய்கிறார் என்பதைக் கூட்டத்தின் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். ஒளித்துச் செய்தால் உளவு என்று பேர் வந்துவிடும்.

அயலூரில் ஓர் இளம் தலைவருக்காக நான் அப்படிப் பின்வரிசையில் இருந்தேன். சுழற்சி முறைக் கடன் பற்றிய கூட்டம். வாசலோரம் அமர்ந்திருந்த ஓர் அம்மா இரண்டு தடவை பேச வாயெடுத்தார். இரண்டு தடவையும் தலைவரின் கை மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிப் பூட்டியது, கழற்றிப் பூட்டியது. டக், டக் என்ற அந்தச் சத்தம் வாசல் வரை கேட்டது. அந்த அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார். கூட்டம் முடிந்த பிறகு வட்டத்தைக் காட்டினேன். தலைவரின் பெயருக்குப் பக்கத்தில் கோடுகள் குவிந்திருந்தன, வாசலோரத்தில் ஒன்றுமில்லை. பேனாவைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பிள்ளை திகைத்துப்போனாள். "யோசிக்கும்போது என் கை சும்மா இருக்காது ரீச்சர். அந்த நேரம் அவர் சொல்வதைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. அவளுடைய மனதில் இருந்தது கவனம், அறையில் இருந்தவர்கள் கண்டது அவசரம். தலைமை தாங்குபவரின் உள்நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மற்றவர்கள் அதைக் கையிலும் குரலிலும் முகத்திலும்தான் வாசிக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் பேனா செயலாளரிடம் போனது. அந்த அம்மா பேசினார். வெங்காயம் விற்கும் வரை தோட்டக்காரர் கையில் காசு வராது, மாதத் தவணைக்குப் பதிலாக அறுவடை முடிந்து ஒரே தடவையாகக் கட்ட அனுமதியுங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. அதுவரை அந்தச் சங்கத்தில் தவணை தவறியவர்களுக்கு எப்படி எச்சரிக்கை கொடுப்பது என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

1955இல் ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்கம் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் இதை நான்கு கட்டங்களாகப் பிரித்துக் காட்டினார்கள். ஜோஹாரி சாளரம் என்று அதற்குப் பெயர். எனக்கும் தெரிந்து மற்றவர்களுக்கும் தெரிந்தது ஒரு கட்டம். எனக்குத் தெரிந்து நான் மறைப்பது இன்னொன்று. மற்றவர்களுக்குத் தெரிந்து எனக்கு மட்டும் தெரியாதது மூன்றாவது. ஒருவருக்குமே தெரியாதது நான்காவது. பேனா மூடி மூன்றாவது கட்டத்தில் இருந்தது. ஒரு தலைவர் முதலில் சிறிதாக்க வேண்டியது அந்தக் கட்டத்தைத்தான்.

கேட்கும் முறை

"என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். "நன்றாகத்தானே செய்கிறீர்கள்" என்ற பதில் ஆயத்தமாக இருக்கும். ஒரு குறிப்பிட்ட காரியத்தைப் பற்றிக் கேளுங்கள். "நேற்றுக் கணக்கறிக்கை வாசித்தபோது நான் எந்த இடத்தில் உங்களை அவசரப்படுத்தினேன்?" "நான் எதைக் குறைத்துக்கொண்டால் நீங்கள் கூடுதலாகப் பேசுவீர்கள்?" இப்படிக் கேட்டால் பதில் சொல்வது குற்றம் சொல்வதாக இராது.

கூட்டத்தில் வைத்துக் கேட்க வேண்டாம். தலைவர் முன்னால் கதிரை போட்டு அமர்ந்து கேட்டால் அது விசாரணை. ஓலை பின்னும்போதோ, சேர்ந்து சைக்கிளில் வீடு திரும்பும்போதோ கேளுங்கள். கையில் வேலை இருக்கும்போது கண்ணைப் பார்க்கத் தேவையில்லை, வாய் தானாகத் திறக்கும். மூன்று பேரைத் தெரிந்தெடுங்கள்: உங்களை விரும்பும் ஒருவர், தெரிவின்போது உங்களுக்கு எதிராகக் கை உயர்த்திய ஒருவர், சங்கத்தில் வயதில் மிகச் சிறியவர். மூன்றாமவர்தான் எனக்கு எப்போதும் அதிகம் சொல்லித்தந்தவர்.

பதில் வந்ததும் விளக்கம் சொல்லாதீர்கள். "அன்றைக்கு நான் ஏன் அப்படிச் செய்தேன் என்றால்" என்று தொடங்கினால் அந்த வாய் இனி உங்களுக்காகத் திறக்காது. நன்றி சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து கொப்பியில் எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து அதே ஆளிடம் போய் நீங்கள் மாற்றிய ஒரேயொரு விடயத்தைச் சொல்லுங்கள். அப்போதுதான் உண்மையான இரண்டாவது பதில் கிடைக்கும்.

பெயர் எழுதாமல் துண்டில் எழுதித் தரச் சொல்லும் முறையும் இருக்கிறது. பெரிய அலுவலகத்துக்கு அது சரி. இருபது பேர் கொண்ட கிராமச் சங்கத்தில் எல்லாருடைய கையெழுத்தும் எல்லாருக்கும் தெரியும். ஆகவே எழுத வைக்காதீர்கள். "தலைவர் இறுதிவரை கேட்கிறார்", "தலைவர் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறார்" போன்ற வரிகளை அச்சடித்து, ஓம், இல்லை என்ற கட்டங்களில் அடையாளம் மட்டும் போடச் சொல்லுங்கள்.

அந்த இரண்டாவது வரியைப் பற்றி வெளிப்படையாகவே எழுதுகிறேன். எங்கள் ஊர்களில் சாதியும் சொந்தமும் கோயில் பிரிவுகளும் கூட்டத்துக்குள் எங்களோடு சேர்ந்தே வருகின்றன. நான் பாகுபாடு பார்ப்பதில்லை என்று நம்புவது சுலபம். கொப்பியில் இதை எழுதிப் பாருங்கள்: யார் வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறேன்? யார் வீட்டுப் படலையடியில் நின்றபடியே "இப்போதுதான் குடித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வருகிறேன்? யாரை "நீங்கள்" என்றும், அதே வயதுள்ள யாரை "நீ" என்றும் அழைக்கிறேன்? கடன் விண்ணப்பத்தில் யாரிடம் இரண்டு பிணையாளர் கேட்கிறேன், யாரை "தெரிந்த ஆள்தானே" என்று விட்டுவிடுகிறேன்? இந்தப் பக்கத்தை எழுதாமல் தலைமைத்துவப் பயிற்சி எத்தனை எடுத்தாலும் எனக்கு அதில் மதிப்பில்லை. சங்கத்தில் அமைதியாக ஒதுங்கியிருக்கும் உறுப்பினர்கள் இந்தக் கேள்விகளுக்கான பதில்களைத் தலைவரைவிட நன்றாக அறிவார்கள்.

கோபத்துக்கு முன்னால் வருவது

கோபம் வந்த பிறகு அடக்குவது கடினம். அது வரும் வழியைத் தெரிந்துகொள்வது அவ்வளவு கடினமல்ல. ஒருவருக்குக் காது சூடாகும், இன்னொருவருக்குக் குரல் உயரும். எனக்கு வாக்கியம் சுருங்கும். "சரி", "பிறகு பார்ப்போம்" என்று சொல்லத் தொடங்கினேன் என்றால் உள்ளே எரிச்சல் கிளம்பிவிட்டது என்று அர்த்தம். அதை அறிந்த பிறகு, அந்தச் சொற்கள் வாயில் வரும்போதே தேநீருக்கு இடைவேளை விடச் சொல்லிவிடுவேன்.

வந்த உணர்வுக்குச் சரியான பெயர் வையுங்கள். எல்லாவற்றையும் கோபம் என்று சொல்லிவிடாதீர்கள். நிர்வாகக் கூட்டங்களில் கோபமாக வெளிவருவது பெரும்பாலும் அவமானம். தன்னைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டார்கள் என்ற வருத்தம், வங்கிக் கணக்கில் ஏதோ விளங்கவில்லை என்ற பயம், வெறும் களைப்பு. கலிபோர்னியாவில் மத்தியூ லீபர்மனும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட மூளை ஆய்வொன்றில், உணர்ச்சியைச் சொல்லால் குறிப்பிடும்போது பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் செயற்பாடு குறைவதைக் கண்டார்கள். கூட்ட நேரத்தில் கொப்பியின் ஓரத்தில் "அவமானம்" என்று ஒரு சொல் எழுதுவது போதும். உடலையும் மறக்காதீர்கள். கந்தசஷ்டி விரத நாட்களில் ஆறாம் நாள் பின்னேரம் கடன் முடிவெடுக்கும் கூட்டம் வைக்க நான் சம்மதிப்பதில்லை.

ஏன் நான் இப்படி இருக்கிறேன் என்று தோண்டிக்கொண்டே போவதை விட்டுவிடுங்கள். அது தாயையும் தலைவிதியையும் குறைசொல்வதில் போய் முடியும், இரவுத் தூக்கமும் கெடும். அந்த நேரம் என்ன நடந்தது, அடுத்த தடவை என்ன செய்யலாம் என்று கேளுங்கள். யூரிக்கின் ஆய்வும் இதையேதான் சொல்கிறது.

இன்னொரு பழக்கம் முகாமைத்துவ அறிஞர் பீட்டர் டிரக்கர் சொன்னது. முக்கியமான முடிவு எடுக்கும்போது அதிலிருந்து என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என்பதைத் திகதியுடன் எழுதுங்கள். ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதங்கள் கழித்துத் திறந்து பாருங்கள். ஆட்களைப் பற்றிய உங்கள் கணிப்புச் சரியா, காசைப் பற்றிய கணிப்புச் சரியா என்பது அதில் தெரியவரும். இரண்டிலும் ஒருவரே கெட்டிக்காரராக இருப்பது அரிது.

தெரிந்ததை வைத்து என்ன செய்வது? கணக்கு உங்களுக்கு வராது என்று தெரிந்தால் பொருளாளருக்கு முழு இடம் கொடுங்கள், அதை எல்லாரும் கேட்கச் சொல்லுங்கள். முதலில் பேசிவிடும் பழக்கம் இருந்தால் கடைசியில் பேசுங்கள். நிகழ்ச்சி நிரலிலேயே "தலைவர் கருத்து" என்பதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். உங்கள் குணத்தைச் சங்கத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பதும் உதவும். "நான் 'பிறகு பார்ப்போம்' என்று சொன்னால், எந்தத் திகதியில் என்று கேளுங்கள்" என்று நான் சொல்லியிருந்தேன். முதலில் தயங்கினார்கள், பிறகு கூசாமல் கேட்டார்கள்.

புதிய நிர்வாகம் தெரிவானதும் வட்டத்தை மறுபடி வரையுங்கள். ஆட்கள் மாறினால் நீங்களும் வேறு மாதிரி நடந்துகொள்வீர்கள். கொப்பியைச் சங்க அலுமாரியில் வைக்க வேண்டாம். அதில் மற்றவர்களின் பெயர்களும் அவர்கள் நம்பிச் சொன்ன சொற்களும் இருக்கின்றன. வீட்டில் வையுங்கள். பதவி முடிந்ததும் பெயர்கள் உள்ள பக்கங்களைக் கிழித்து எரித்துவிட்டு, உங்களைப் பற்றிய பக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.