அக்வாவில் பெற்றோல் மிச்சம் பிடிப்பது எப்படி

பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் காரான டொயோட்டா அக்வா 2011 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது, அந்நாட்டு எரிபொருள் சிக்கனச் சோதனையான ஜேசி08இல் லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் காட்டியது. அந்தக் கணக்கை நம்பி ரீகண்டிஷன் கார் வாங்கிவிட்டு, பாதிகூட ஓடுதில்லை என்று கராஜில் வந்து நிற்பவர்கள் இலங்கையில் நிறையப் பேர். சில வேளைகளில் பிழை காரில் இருக்கும். பெரும்பாலும் காலில் இருக்கும்.

முதலில் விட வேண்டியது, பற்றரியில் ஓடினால் ஓசி என்ற நினைப்பை. பின் இருக்கைக்குக் கீழே இருக்கும் 144 வோல்ற் பற்றரி முழுதாக நிரம்பினாலும் அதில் ஒரு கிலோவாட் மணிகூட இல்லை. ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறத்தாழ 9 கிலோவாட் மணி சக்தி இருக்கிறது. பிரேக்கிலும் இறக்கத்திலும் மீட்டது போக, பற்றரியில் உள்ளதெல்லாம் பெற்றோல் எரித்து ஏற்றியதுதான். ஏற்றும்போது கொஞ்சம் சேதாரம், எடுக்கும்போது கொஞ்சம் சேதாரம். எஞ்சினை எழுப்பக்கூடாது என்று 25 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்ந்து, பின்னால் வருபவர்களிடம் ஹோர்ன் வாங்குகிறவர் ஒன்றையும் மிச்சம் பிடிப்பதில்லை. பற்றரி இரண்டு கட்டத்துக்கு இறங்கியதும் எஞ்சின் எழும்பி, கார் நிற்கும்போதும் உறுமி அந்தக் கடனை வட்டியோடு கழிக்கும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் சூடாகட்டும் என்று வாசலில் நிற்க வேண்டாம். உடனே புறப்பட்டு முதல் சில நிமிடம் மெதுவாகப் போங்கள். அந்த நேரத்தில் எஞ்சினும் புகை வடிக்கும் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரும் சூடேற வேண்டும். நீங்கள் என்ன செய்தாலும் எஞ்சின் ஓடும். ஈவி பொத்தானை அழுத்தினால் அந்தச் செலவு தள்ளிப்போகுமே தவிரக் குறையாது. கடை, பள்ளிக்கூடம், வங்கி என்று மூன்று தரம் போவதை ஒரே சுற்றாக்கினால் இரண்டு குளிர் ஸ்டார்ட் மிச்சம்.

வேகம் எடுக்கும்போது பலர் மிதியைத் தொட்டும் தொடாமலும் வைத்திருப்பார்கள். சிக்கனத்துக்கென்றே வடிவமைத்த இந்த அட்கின்சன் வகை எஞ்சின் ஓரளவு சுமையோடு ஓடும்போதுதான் சிக்கனமாக எரிக்கும். டாஷ்போர்டில் உள்ள பட்டையில் இடம் சார்ஜ், நடு எக்கோ, வலம் பவர். பட்டை எக்கோவின் வலது ஓரத்தைத் தொட்டும், பவருக்குள் நுழையாமலும் இருக்கும்படி மிதித்து 55, 60 வரை உறுதியாக எடுங்கள்.

எடுத்த வேகத்தை வைத்திருப்பதில்தான் வித்தையே இருக்கிறது. 60ஐ எட்டியதும் காலை முழுதாக எடுங்கள், எஞ்சின் நின்றுவிடும். ஆனால் எடுத்தபடியே விட்டால் மோட்டார் ஜெனரேற்றராக மாறி, சில்லில் இருந்து பற்றரிக்கு மின் ஏற்றும். கார் மெல்லப் பின்னிழுப்பது போலத் தெரியும். நிற்கப் போவதில்லை என்றால் அந்த இழுப்பு நட்டம். உடனே மிதியை மயிரிழை அளவு அழுத்துங்கள். சக்தி ஓட்டம் காட்டும் திரையில் பற்றரிக்கும் சில்லுக்கும் இடையிலான அம்புகள் இரண்டு பக்கமும் மறைந்துவிடும். எஞ்சினும் இல்லை, மோட்டாரும் இல்லை, கார் மிதக்கிறது. 45க்கு இறங்கியதும் மறுபடி 60க்கு எடுங்கள். வவுனியாவுக்கு வடக்கே ஏ9 போன்ற தட்டையான வீதியில் வாகனம் குறைவான நேரத்தில் இது நன்றாக வேலை செய்யும். நெரிசலில் செய்யாதீர்கள், பின்னால் வருபவருக்கு உங்கள் வேகம் புரியாது. பழகும்வரை திரையைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், உங்கள் கண் வீதியில் இருக்கட்டும்.

பிரேக்கில் விதி ஒன்றுதான்: முன்கூட்டியே, மெதுவாக, நீளமாக. தூரத்தில் கலர் லைட் சிவப்பானதைக் கண்டதும் மிதியை விட்டு, பிரேக்கை இலேசாகத் தொட்டு, சார்ஜ் பட்டை நிரம்பும் அளவுக்குள் நிறுத்துங்கள். பட்டை நிரம்பிய பிறகு கூடுதலாக அழுத்துவது சாதாரண பிரேக்குக்குப் போய்ச் சூடாக வீணாகும். கடைசியில் நடைவேகத்துக்கு வந்ததும் எப்படியும் சாதாரண பிரேக்தான் பிடிக்கும். ஆபத்து என்றால் இதையெல்லாம் மறந்து பிரேக்கை மிதியுங்கள்.

சந்தியில் நிற்கும்போது கியரை நியூட்ரலில் போடும் பழைய பழக்கம் இங்கே வேண்டாம். நியூட்ரலில் பற்றரி ஏறாது, ஏசி அதைத் தின்றுகொண்டே இருக்கும். ‘டி’யில் வைத்துப் பிரேக் பிடியுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் இன்னும் மோசம். இலவசமாக வரும் மின் போய்விடும். ‘பி’ (B, நிறுத்தி வைக்கும் P அல்ல) நிலை கடுகண்ணாவை, றம்பொடை போன்ற நீண்ட இறக்கங்களுக்கு மட்டும். அதில் எஞ்சினைச் சுற்றவிட்டுக் கார் வேகம் பிடிக்காமல் தடுக்கிறது. சமவெளியில் ‘பி’யில் ஓடினால் பெற்றோல் கூடுதலாகப் போகும்.

அதிவேகப் பாதையில் அக்வாவிடம் அற்புதம் எதிர்பார்க்காதீர்கள். பிரேக் இல்லை என்றால் மீட்பதற்கும் ஒன்றுமில்லை. 80இல் இருந்து 100க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். அவசரமில்லை என்றால் இடது பக்கமாக 80இல் போங்கள்.

ஏசி கொம்பிரசர் இந்தப் பெரிய பற்றரியில் ஓடுவதால் நிறுத்தி வைத்த காரிலும் குளிரும். அதற்காகத்தான் எஞ்சின் இடைக்கிடை எழும்பும். வெயிலில் நின்ற கார் என்றால் முதல் ஓரிரு நிமிடம் கண்ணாடிகளை இறக்கி வெக்கையை வெளியேற்றிவிட்டு, 26 பாகையில், உள்காற்றுச் சுழற்சியில் போடுங்கள். அதைவிட முக்கியம், பின் இருக்கையடியில் இருக்கும் பற்றரிக் காற்று வாய். அதன்மேல் பை, துணி, பாய் எதுவும் வைக்கக்கூடாது. தூசியும் நாய்மயிரும் அடைத்தால் விசிறி இரைச்சலாக ஓடத் தொடங்கும். பற்றரி சூடேறியதும் கணினி அதன் பாவனையைக் குறைத்து எஞ்சினை அதிகம் ஓட்டும். ‘திடீரென்று ஓட்டம் குறைஞ்சு போச்சு’ என்ற முறைப்பாட்டில் முதலில் இதைத்தான் பாருங்கள்.

ரயருக்கு எவ்வளவு காற்று என்ற ஸ்டிக்கர் சாரதி கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். ஜப்பான் காரில் அது கிலோபாஸ்கலில் இருப்பதால் பலர் பார்ப்பதே இல்லை. 220 என்றால் 32 பிஎஸ்ஐ, 230 என்றால் 33. ஓட முன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளவுங்கள். எஞ்சின் ஓயில் 0டபிள்யூ-20. சூடான நாடு என்று சொல்லித் தடித்த ஓயில் ஊற்றுகிறவரிடம் காரை விடாதீர்கள். பெற்றோல் ஒக்ரேன் 92 போதும். ஜப்பானின் சாதாரணப் பெற்றோலுக்குச் செய்த எஞ்சின் இது, 95க்குக் கொடுக்கும் காசு ஓட்டமாகத் திரும்பி வராது.

திரை காட்டும் சராசரியை மட்டும் நம்பாமல் நீங்களே அளவுங்கள். பம்ப் தானாக நிற்கும்வரை தாங்கியை நிரப்பி, ட்ரிப் மீற்றரைப் பூச்சியமாக்குங்கள். 300 கிலோமீற்றராவது ஓடி, அதே பம்பில் மறுபடி நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லீற்றரால் வகுங்கள். 330 கிலோமீற்றருக்கு 15 லீற்றர் என்றால் 22. மூன்று தரம் செய்து சராசரி எடுங்கள். இவ்வளவும் செய்தும் எண் ஏறவில்லை என்றால், ஓடி வந்து நிறுத்தியதும் நாலு ரிம்முக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொடாமல். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சில்லில் பிரேக் பிடித்தபடியே இருக்கிறது; அந்தப் பிரேக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.